கரையிலிருந்து சதுப்புக்கு

பருவநிலை மாறிவிட்டது, மழை முன்போல் பெய்வதில்லை, பெய்தால் ஊரையே அடித்துக்கொண்டு போகிறது, ஆகவே ஆற்றங்கரையில் ஏழைகள் குடியிருத்தல் ஆகாது. இவ்வாறு ஒரு வாதம் சென்னைப் பட்டணத்தில் பத்தாண்டுகளாக வழங்கி வருகிறது. அரசு அலுவலகங்களில் வழங்குகிறது, நீதிமன்றங்களில் வழங்குகிறது, நம் வீட்டுத் திண்ணைகளிலும் வழங்குகிறது. கேட்பதற்கு இரக்கமுள்ள வாதமாகவே தோன்றும். வெள்ளம் வருமுன் எளியோரை மேட்டுக்கு ஏற்றிவிடுவது நல்லாட்சியின் கடமையல்லவா என்று கேட்டால் அல்லவென்று யார் சொல்வார்?

ஆனால், அவர்களையும் அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிச் சென்ற லாரிகள் எந்த மேட்டில் போய் நின்றன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாக்கத்தில் நின்றன. அதற்கு முன் செம்மஞ்சேரியில் நின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மடியில் நின்றன. மழை பெய்தால் தென்சென்னையின் நீரெல்லாம் எங்கே போய்ச் சேருமோ அங்கேயே மனிதர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இந்தப் பெயரை நாம் ஏற்பதற்கில்லை.

தரமணியில் நின்று பார்ப்போருக்கு இந்தக் கதையின் முதலும் முடிவும் ஒருங்கே தெரியும். மேற்கே வேளச்சேரி. கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலை. தெற்கே பெருங்குடி, அதை அடுத்துச் சதுப்பு நிலம். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அச்சதுப்பில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேர்வது இயற்கை வகுத்த பாதை. 1960களில் அச்சதுப்பின் பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் மேல் என்பர். 2022ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டபோது பட்டியலில் ஏறிய பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். மீதி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. அதன் மேல் மாநகராட்சியின் குப்பைமேடு இருக்கிறது. பறக்கும் ரயிலின் பாதை இருக்கிறது. பன்மாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. கடலை ஆராயும் நிறுவனமும் காற்றை ஆராயும் நிறுவனமும்கூடச் சதுப்பை ஒட்டியே எழுந்து நிற்கின்றன. தரமணியில் 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் அந்தச் சாலை நெடுகக் கண்ணாடி மாளிகைகள் முளைத்த வேகம் நாம் அறிந்ததே. அந்தக் கண்ணாடிகளைத் துடைக்கும் பெண்களில் ஒரு பகுதியினர் எங்கிருந்து வருகிறார்கள்? அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் வரும் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் வருகிறார்கள்.

தரமணியில் அறிவுக்குப் பஞ்சமில்லை. 1988இல் தொடங்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே இயங்கி வருகிறது. வறட்சியும் வெள்ளமும் கிராமத்தை வாட்டும்போது முதலில் நசுங்குபவள் பெண்ணே என்பதை அந்த விஞ்ஞானி வெகுநாளாகச் சொல்லி வந்தார். உழுபவள் பெண்ணாயினும் பட்டா ஆணின் பெயரில் இருப்பதால், கடனும் அவளுக்கு எட்டுவதில்லை, இழப்பீடும் எட்டுவதில்லை. இதை மாற்றவே மகளிர் உழவர் உரிமை மசோதா ஒன்றை அவர் 2012இல் மாநிலங்களவையில் தனியுறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அது சட்டமாகாமலே கழிந்தது. அந்தப் பட்டா இல்லாத பெண்தான் ஊரில் பயிர் பொய்த்தபின் பட்டணத்துக்கு வந்து ஆற்றோரம் குடிசை போடுகிறாள். ஊரிலும் அவளுக்குக் காகிதம் இல்லை, பட்டணத்திலும் இல்லை. பருவநிலை அவளை ஒருமுறை பெயர்த்தது. அதே பருவநிலையின் பேரைச் சொல்லி அரசு அவளை மறுமுறை பெயர்க்கிறது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளை நினைவுகூர்வோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது; அடையாறு கரைபுரண்டது. அந்தப் பேரழிவு மனிதரால் விளைந்தது என்று இந்தியத் தலைமைக் கணக்காயரின் அறிக்கையே கூறியது; அது 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. மனிதரால் என்றால் எந்த மனிதரால்? அடையாற்றின் குறுக்கே தூண் நிறுத்தி ஓடுபாதை அமைத்துக்கொண்டது சென்னை விமான நிலையம். அதுவும் அந்த வெள்ளத்தில் மூழ்கிற்று, விமானங்கள் நின்றன. நீர் வடிந்தபின் யாரேனும் வந்து, 'ஆற்றுக்கு இடைஞ்சலாக இருக்கிறீர்கள், ஓடுபாதையைச் சுருட்டிக்கொண்டு பெரும்பாக்கம் போங்கள்' என்று சொன்னதுண்டா? சொல்லமாட்டார்கள். ஓடுபாதையைச் சுருட்ட முடியாது; பாயைச் சுருட்ட முடியும். பாய் வைத்திருந்தவர்களிடம் சொன்னார்கள். அந்த மாதத்திலிருந்தே அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் பன்மாடிக் குடியிருப்புகளில் இருந்த வசதியுள்ள குடும்பங்கள் படகில் மீட்கப்பட்டன. நீர் வடிய நாட்கள் ஆயின. அவர்களையும் யாரும் பெயர்க்கவில்லை. பெயர்க்க வேண்டுமென்று நாமும் சொல்லவில்லை. ஆயினும், ஒரே சதுப்பில் ஒருவருக்கு வெள்ளம் 'துன்பம்' என்றும் மற்றொருவருக்கு அதுவே 'ஆக்கிரமிப்புக்குத் தண்டனை' என்றும் பெயர் பெறுவது எந்த நியாயத்தில் அடங்கும்? சதுப்பைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதுக் கட்டடங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவைக்கும்படி 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டபோது, வீடு வாங்கியோரும் விற்போரும் எழுப்பிய குரல் எங்கும் கேட்டது. பெரும்பாக்கத்தில் எட்டு மாடிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அரசே கட்டி எழுப்பியபோது, அங்கே குடியேற வேண்டியவர்களின் குரலைக் கேட்டவர் யார்?

இனி, பெண்களிடம் வருவோம். வெள்ளத்தின் கணக்கை எழுதுவோர் இறந்தோரின் தொகையை எழுதுவர். இடிந்த வீடுகளின் தொகையை எழுதுவர். ஒரு பெண்ணுடைய ஒரு நாள் எவ்வளவு நீண்டுவிட்டது என்பதை எழுத அவர்களுடைய ஏட்டில் பத்தி இல்லை.

சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருந்த ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். காலையில் கோட்டூர்புரத்தில் ஒரு வீடு, பிறகு அடையாற்றில் ஒரு வீடு, மாலையில் மயிலாப்பூரில் ஒரு வீடு என்று மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்து அவள் பிழைத்தாள். இடையில் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறூட்டிவிட்டுப் போவாள். தான் இல்லாதபோது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் குடிசைக் கிழவி ஒருத்தி இருந்தாள். கைமாற்றாக நூறு ரூபாய் கேட்க ஒரு மளிகைக்கடை இருந்தது. அவளுடைய குடிசையின் விலை ஒன்றுமில்லை. ஆனால் அது நின்ற இடத்துக்கு விலை உண்டு. நடந்து போகிற தூரத்தில் வேலை, கூப்பிடுகிற தூரத்தில் உறவு, நம்பிக் கடன் தரும் கடை. இவையே அவளுடைய சொத்து. அரசு அளந்து கொடுத்த இழப்பீட்டில் இவற்றில் ஒன்றேனும் இடம்பெற்றதில்லை.

பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். மூன்று வீட்டு வேலை ஒரு வீட்டு வேலையாகச் சுருங்குகிறது. காலை ஆறரைக்குக் காபிப் பாத்திரம் தேய்க்க வாசலில் நிற்க வேண்டியவள் எப்போது எழ வேண்டும்? நாம் ரமலானில் ஸஹருக்கு எழும் நேரத்தில், அவள் ஆண்டின் எல்லா மாதங்களிலும் எழ வேண்டும். எழுந்து பொங்கி வைத்துவிட்டு, இருட்டில் பேருந்து நிறுத்தம் வரை நடக்க வேண்டும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். எனினும், போக வரப் பேருந்தில் கழியும் நேரத்தை எந்த அரசாணையும் திருப்பித் தருவதில்லை. ஒரு நாள் தாமதமாக வந்தால் எசமானி முகம் சுளிக்கிறாள். நான்கு நாள் தாமதமானால் வேறு ஆள் வந்துவிடுகிறாள். அந்த எசமானிகளில் நம் வீட்டுப் பெண்மணிகளும் இருக்கக்கூடும். வேலைக்கு வருபவள் ஏன் பிந்துகிறாள் என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தால் இக்கட்டுரையில் நாம் எழுதுவதைவிட அதிகம் தெரிந்துகொள்வார்கள்.

2015இல் பெயர்க்கப்பட்ட குடும்பங்களில் பல, கல்வியாண்டின் நடுவில் பெயர்க்கப்பட்டன. அரைப் பரீட்சைக் காலத்தில் பள்ளி இருபது கிலோமீட்டர் பின்னே போய்விட்டது. பையனைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தாயின் மனம் துணிவதில்லை. அவள் என்ன செய்வாள்? தன் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையுடன் போவாள். அல்லது பிள்ளையின் படிப்பை நிறுத்துவாள். படிப்பு நின்ற வீட்டில் கல்யாணப் பேச்சு விரைந்து வந்துவிடும். நம் சமுதாயத்தில் பெண் கல்வி எத்தனை தடைகளைத் தாண்டி வந்தது என்பதை அறிந்த வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எட்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் நின்றுபோனால் குடம் யாருடைய இடுப்பில் ஏறும்? நிறைமாதக் கர்ப்பிணி எப்படி இறங்குவாள்? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது அந்தச் சாலையின் கணினி நிறுவனங்கள் சில தம் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டன. வீட்டிலிருந்தே வேலை செய்யும் சலுகை பாத்திரம் தேய்ப்பவளுக்கு இல்லை. லாரி வரும் நேரத்துக்குக் காத்திருந்தால் வேலை போகும். வேலைக்குப் போனால் தண்ணீர் போகும்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார், தமிழகத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகள் 800 பேரை ஆராய்ந்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் அபாயம் இரு மடங்காகிறது என்பது அதன் சாரம். வயற்காட்டிலும் செங்கற்சூளையிலும் உப்பளத்திலும் குனிந்து நிற்கும் பெண்களை வைத்துச் சொன்னால் எல்லாருக்கும் புரியும். நாமோ இன்னொன்றையும் சேர்த்து எண்ணுகிறோம். கண்ணகி நகரின் தொடக்க காலத்து வீடுகள் 200 சதுர அடிக்கும் உட்பட்டவை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் இரவில் அந்த வெப்பத்தை உள்ளே விடுகிறது. அந்த ஓர் அறையில் அடுப்பும் அங்கேயே, படுக்கையும் அங்கேயே. ஆண்கள் வெளியே சென்று மரத்தடியிலோ மொட்டைமாடியிலோ படுத்துக்கொள்வார்கள். பெண்கள் எங்கே போய்ப் படுப்பார்கள்?

'கண்ணகி நகர்' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருடைய நகைச்சுவையை வியக்கிறோம். அரசன் அவைக்கே சென்று நீதி கேட்ட ஒருத்தியின் பெயரை, நீதி கேட்கும் தொலைவில்கூட இல்லாத ஓர் இடத்துக்கு வைத்திருக்கிறார். 2000ஆம் ஆண்டு முதல் அங்கே பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மக்களைக் குடியேற்றினார்கள். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அவ்வூர் இளைஞரும் பெண்களும் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அவ்வூர்ப் பெண் கார்த்திகா இருந்தார். அன்று முகவரி இனித்தது. பெரியவர்கள் மாலையோடு வந்தார்கள். மாலையோடு வந்தவர்கள் போகும்போது கால்வாயையும் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

செம்மஞ்சேரியில் 2004 சுனாமியால் வீடிழந்த மீனவக் குடும்பங்களையும் கொண்டுபோய் வைத்தார்கள். கடலிலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் ஏரி நீரில் நின்றார்கள்; 2015இல் நின்றார்கள், 2021இல் நின்றார்கள். கரையில் மீனை ஏலம் எடுத்து மயிலாப்பூர்த் தெருக்களில் கூவி விற்ற பெண்ணுக்குச் செம்மஞ்சேரியில் கடலும் இல்லை, தெருவும் இல்லை. ஆனால் தண்ணீர் மட்டும் தவறாமல் வந்தது.

பெண்ணுக்கு வீடென்பது நான்கு சுவர் மட்டுமன்று என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். ஆண்மக்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பிறகு வளைகுடாவுக்கும் 'சபர்' போய்விடுவார்கள். பெண் தாய்வீட்டின் அருகிலேயே, தமக்கை தங்கையரின் கதவுகளுக்கு நடுவிலேயே இருப்பாள். காயல்பட்டினத்தில் வீடுகளின் பின்னே பெண்கள் போய்வருவதற்கென்றே முடுக்குகள் உண்டு. இந்த வழக்கத்தைக் குறை கூறுவோரும் உளர். வரதட்சிணையோடு அது பின்னிக்கிடப்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள்: ஆண் பெயர்ந்தாலும் பெண்ணின் சுற்றம் பெயரக்கூடாது என்பது அது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. 2015இல் சென்னையை மூழ்கடித்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு! காயல்பட்டினத்தாரை எல்லாம் கடற்கரையிலிருந்து பெயர்த்து, இருபது மைலுக்கு அப்பால் தேரிக்காட்டில் எட்டு மாடிக் கட்டடத்தில், எந்த வீட்டார் எந்த மாடி என்று குலுக்கல் போட்டு வைக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நாம் பொறுப்போமா? நம் சகோதரிகளுக்குப் பொறுக்காத ஒன்று, சைதாப்பேட்டை ஆற்றோரத்துச் சகோதரிக்கு மட்டும் எப்படிப் பொறுக்கும்?

'எல்லாம் சரி, நகருக்குள் நிலம் எங்கே?' என்று கேட்பார்கள். இக்கேள்விக்கு அரசின் பழைய ஏடுகளே விடை கூறும். 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது குடிசை இருந்த இடத்திலேயோ அதன் அருகிலேயோ மாடிவீடு கட்டித் தருவதே அதன் வழியாக இருந்தது. நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் அவ்வாறே கட்டினார்கள். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்று எழுதியும் வைத்தார்கள். பிற்பாடு நகர நிலத்தின் விலை ஏறிற்று. ஏழையின் சிரிப்பை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் காண்பதே போதுமென்று தோன்றிவிட்டது. 2021இல் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது நன்று. கட்டடம் எழும் இடமும் மாற வேண்டாமா? வாழ்வதற்கான உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985இலேயே கூறிவிட்டது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அதைச் சட்டக்கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

ஆற்றுக்கு இடம் விடத்தான் வேண்டும். நீர் ஓடும் பள்ளத்தில் எவரும் குடியிருத்தல் ஆகாது. இதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நாம் கேட்பது இவ்வளவே: பெயர்ப்பதானால் வேலைக்கு நடந்தோ ஒரே பேருந்திலோ போகும் தொலைவுக்குள் வீடு கொடுங்கள், கல்வியாண்டின் நடுவில் பெயர்க்காதீர்கள், ஒதுக்கீட்டு உத்தரவைப் பெண்ணின் பெயரில் எழுதுங்கள், ஒரு தெருவாக வாழ்ந்தவர்களை ஒரு தெருவாகவே குடியமர்த்துங்கள், கட்டுமுன் அந்த நிலத்தில் 2015இல் எத்தனை அடி நீர் நின்றது என்பதை எழுதி அவர்கள் கையில் கொடுத்துச் சம்மதம் கேளுங்கள். ஏற்கெனவே பெரும்பாக்கத்தில் இருப்போருக்கு விடியற்காலைப் பேருந்தும், ஓடுகிற லிப்டும், எரிகிற தெருவிளக்கும் உடனே வேண்டும்.

நம் சமுதாயத்து இளைஞர்கள் 2015 வெள்ளத்தில் செய்த தொண்டை நாடே பாராட்டியது. கழுத்தளவு நீரில் இறங்கி மீட்டார்கள். பள்ளிவாசல்கள் எல்லாருக்கும் திறந்தன. சோறு பொங்கிச் சுமந்தார்கள். நீர் வடிந்தபின் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் கோயில்களைக் கழுவிவிட்டார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது. ஆனால் அவர்கள் கையால் சோற்றுப் பொட்டலம் வாங்கிய பெண்களில் பலர் அடுத்த சில வாரங்களில் லாரியில் ஏற்றப்பட்டார்கள். எங்கே போகிறார்கள் என்று எந்த ஜமாஅத் கேட்டது? எந்த மஹல்லாவில் அதற்கொரு தீர்மானம் நிறைவேறியது? அப்பெண்களில் கலிமாச் சொன்னவர்களும் இருந்தார்கள், சொல்லாதவர்களும் இருந்தார்கள். அண்டை வீட்டாரின் உரிமையில் நம் மார்க்கம் அந்த வேறுபாட்டை வைக்கவில்லை.

வாரியத்தின் தலைமை அலுவலகம் சேப்பாக்கத்தில், காமராசர் சாலையில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பெரும்பாக்கத்திலிருந்து அங்கே வந்து ஒரு மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகும். இரண்டு முறை வந்தால் வேலையே போகும். திருவல்லிக்கேணி ஜமாஅத்துகளின் செயலாளர்களும் அவர்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர்களும் லுஹர் தொழுதுவிட்டு நடந்தே போய்விடலாம்.